வழிகாட்டியும் தூக்குக்குண்டும்

“இருபது நிமிடம்! இருபதே நிமிடம்! அதற்குமேல் ஒரு நொடி தாமதித்தாலும் வண்டி நிற்காது!”

டில்லி மாநகரில், காலை எட்டு மணி தொடங்கி மாலை மயங்கும் வரையில், என் செவியில் ஓயாமல் வீழ்ந்த முழக்கம் இது. எண்ணூறு ஆண்டு வரலாற்றை ஒரே பகலில் காட்டிவிடுகிறோம் என்று அழைக்கும் உலாப் பேருந்து அது. அடிமை வமிசத்து அரசன் எழுப்பிய கோபுரத்துக்கு இருபது நிமிடம்; மொகலாயப் பேரரசன் கட்டிய கோட்டைக்கு அரை மணி; வெள்ளையர் எழுப்பிய வளைவுக்குப் பதினைந்து நிமிடம்; காந்தியார் எரியூட்டப்பட்ட இடத்துக்குப் பத்து நிமிடம். பளிங்குப் பொம்மையும் பட்டுச் சால்வையும் விற்கும் கடைக்கு? முழுதாக ஐம்பது நிமிடம்! செலவிட்ட நேரத்தைக் கொண்டு பெருமையை அளப்பதென்றால், டில்லியின் தலைசிறந்த சின்னம் அந்தக் கடைதான் என்று முடிவு கட்ட வேண்டியிருக்கும்!

கேலி பேச வரவில்லை, தோழர்களே. அந்த ஒரு நாள் உலாவில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. பிறர் மடமையைக் கண்டு சிரிக்கப் புறப்பட்ட ஒருவன், தன் மடமையைக் கண்டு தலைகுனிந்து திரும்பிய கதை அது. பாடம் புகட்டியவர் பேருந்தின் வழிகாட்டி அல்லர். என் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்த என் தந்தையார்.

என் தந்தையார் கொத்தனார். நாற்பது ஆண்டுகள் சாரத்தின்மீது நின்றவர். கரணையும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் அவருடைய செல்வம். பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர்; என்னைக் கல்லூரிவரை அனுப்பியவர். எழுபது வயதைக் கடந்தபின் ஒருநாள், “தம்பி, ராசாக்கள் கட்டின ஊரு டில்லிங்கிறாங்க. அந்தக் கட்டடங்களை ஒருதரம் கண்ணால பார்த்துடணும்” என்றார். காசிக்குப் போகவேண்டும் என்று கேட்கும் தந்தையர் உண்டு. கட்டடம் பார்க்கவேண்டும் என்று கேட்ட தந்தை எனக்கு வாய்த்தார். மகிழ்ந்தேன். அழைத்துச் சென்றேன்.

என்னைப்பற்றியும் ஒரு சொல். படிப்பகங்களில் பேசுபவன் நான். மூடப்பழக்கம், முடியாட்சிக் கொடுமை, பழம்பெருமைப் பித்தலாட்டம் இவை என் தலைப்புகள். கைதட்டல் வாங்கத் தெரிந்தவன் என்று என்னைப்பற்றி நானே எண்ணிக்கொண்டிருந்தவன்.

பேருந்தில் முப்பது பேர் இருந்தோம். குஜராத்திலிருந்து வந்த வணிகர் குடும்பம், மணமாகிச் சில நாளே ஆன இளந்தம்பதியர், பேத்தியுடன் வந்திருந்த ஒடிசா நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், இன்னும் பலர். வழிகாட்டி இளைஞர். கையில் ஒரு சிறு கொடி, கழுத்தில் ஒலிபெருக்கி. இந்தியில் பத்து வரி சொல்வார். ஆங்கிலத்தில் அது இரண்டு வரியாகும். அந்த இரண்டை நான் தந்தையாருக்குத் தமிழில் நாலாக்கிச் சொல்வேன். ஆக, அப்பேருந்தில் வழிகாட்டிகள் இருவர். ஒருவர் ஊதியம் பெற்றவர், மற்றவன் நான். இந்த உண்மை அன்று மாலைவரை எனக்கு உறைக்கவில்லை.

முதலில் லட்சுமி நாராயணர் ஆலயம். பிர்லா மந்திர் என்று எல்லோரும் அழைப்பது. 1939ஆம் ஆண்டு காந்தியார் திறந்துவைத்தார் என்றும், எல்லாச் சாதியினரையும் உள்ளே விடவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் திறக்க இசைந்தார் என்றும் வழிகாட்டி பெருமிதத்தோடு எடுத்துரைத்தார். சொன்னது உண்மைதான். தந்தையாருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“நிபந்தனை போட்டாராக்கும். போடாமலிருந்தா?”

என்னிடம் விடை இல்லை. அவரே தொடர்ந்தார். நம் பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில், இளவயதில், கருவறைச் சுவரைப் பூசிய நாளை நினைவுகூர்ந்தார். “சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணியும் கலந்து, இந்தக் கையாலதான் இழைச்சேன். மூணு மாசம் அந்தச் சுவரோட குடியிருந்தேன். குடமுழுக்கு முடிஞ்ச மறுநாள், பூசின சுவரு வெடிப்பில்லாம இருக்குதான்னு பார்க்க எட்டி நடந்தேன். ‘அங்கேயே நில்லு’ன்னு சொன்னாங்க. நான் தொட்டாத் தீட்டாம்.”

சினமில்லாமல் சொன்னார். சினமில்லாமல் சொன்னதுதான் என்னைச் சுட்டது. கட்டும்போது இல்லாத தீட்டு, கட்டி முடித்தபின் எங்கிருந்து வந்தது? கையில் கரணை இருந்தவரை தூயவன். கரணையைக் கீழே வைத்ததும் தீயவன்! நிபந்தனை விதித்தால்தான் திறக்கும் கதவுகள் இந்நாட்டில் எத்தனை என்று எண்ணியபடி பேருந்தில் ஏறினேன்.

அடுத்து, ஜந்தர் மந்தரைச் சன்னல் வழியே காட்டினார்கள். வண்டி நிற்கவில்லை. ஜெய்ப்பூர் அரசர் இரண்டாம் ஜெய்சிங் 1724இல் அமைத்த வானாய்வுக் கூடம். கதிரவன் நிழலைக் கொண்டு பொழுதை அளக்கச் செங்கல்லாலும் காரையாலும் எழுப்பிய மாபெரும் கருவிகள் அங்கே உள்ளன. “இறங்கிப் பார்க்க நேரமில்லை” என்றார் வழிகாட்டி. நேரத்தை அளக்கக் கட்டிய இடத்தைக் காண நேரமில்லை! “மன்னர்களுக்குச் சாதகம் கணிக்கக் கட்டியது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பார்க்கத்தக்கது அந்த ஒரு வரியில் அடங்குவதன்று. கோள்களின் இயக்கத்தைத் தம் கண்ணாலேயே அளந்து, பழைய பட்டியல்களைத் திருத்த முனைந்தார் அந்த அரசர். ஆனால் கலிலியோ தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பிய ஆண்டு 1609. நூறாண்டு கழிந்தபின்னும், இங்கே கண்ணை நம்பிக் கல்லை அடுக்கினார்கள். முயற்சிக்குப் பாராட்டு, முறைக்கு இரங்கல். இரண்டையும் ஒருங்கே சொல்வதுதான் வரலாறு. பெருமையை மட்டும் சொல்வது விளம்பரம். இழிவை மட்டும் சொல்வது வசை.

இந்தியா கேட் வளைவை அடைந்தோம். நாற்பத்திரண்டு மீட்டர் உயரம். லட்யன்ஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்தது. 1921இல் அடிக்கல், 1931இல் திறப்பு. முதல் உலகப் போரிலும், 1919ஆம் ஆண்டு ஆப்கானியப் போரிலும் மாண்ட வீரர்களின் நினைவாக எழுப்பியது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதன் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. எவனோ ஒரு பேரரசனுக்காக, எங்கோ ஒரு மண்ணில், எதற்கென்றும் அறியாமல் மடிந்த உழவர் வீட்டுப் பிள்ளைகள்! அருகில் இருக்கும் மண்டபத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை நின்றது, 1968இல் அகற்றினர். நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்த அம்மண்டபத்தில் 2022இல் சுபாஷ் சந்திர போசின் சிலை வைக்கப்பட்டது.

வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தந்தையார் அண்ணாந்து, கல்லில் இருந்த எழுத்துகளையே பார்த்து நின்றார். “இத்தனை பேரும் செத்தவங்களா?” என்றார். “ஆம்” என்றேன். “செத்தாத்தான் பேரு வெட்டுவாங்க போலிருக்கு” என்றார். கட்டுகிறவனுக்குப் பெயர் இல்லை என்ற பொருளில் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

அடுத்தது குதுப் மினார். அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம், எழுபத்திரண்டரை மீட்டர். 1199ஆம் ஆண்டையொட்டிக் குத்புதீன் ஐபக் தொடங்க, இல்துத்மிஷ் மேலே எழுப்ப, பின்னர் இடி விழுந்து சேதமுற்ற உச்சியைப் பிரோஸ் ஷா துக்ளக் திருத்திக் கட்டினார். உள்ளே 379 படிகள் உள்ளன. ஏற முடியாது. 1981ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள், படிக்கட்டில் விளக்கு அணைந்தது. இருளில் நெரிசல் மூண்டது. நாற்பத்தைந்து பேர் மாண்டனர். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அன்று மூடிய கதவு பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. இதை வழிகாட்டி சொல்லவில்லை. நான் அறிந்திருந்தேன். ஆனால் நானும் தந்தையாரிடம் சொல்லவில்லை. உலா வந்த நாளில் சாவைப் பேசுவானேன் என்று விட்டுவிட்டேன். அவர் சொல்லாததை நான் குறையாக எண்ணினேன். நான் சொல்லாததை நயம் என்று எண்ணிக்கொண்டேன்!

தந்தையார் இதற்கிடையே ஒரு வேலை செய்தார். சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். பலகாரப் பொட்டலத்தில் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, அதில் சாவியைக் கட்டினார். கையை நீட்டி, நூலைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி, கோபுரத்தின் இரு ஓரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வணிகர் வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக்கூடச் சற்று வெட்கமாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“தம்பி, கொஞ்சம் சாஞ்சிருக்கு.”

வழிகாட்டியிடம் கேட்டேன். “இல்லை, நேராகத்தான் இருக்கிறது” என்றார், திரும்பியும் பாராமல். நானும் நம்பினேன். கண்ணால் அளந்து சொன்ன கொத்தனாரை விட்டுவிட்டு, கொடி பிடித்துச் சொன்னவரை நம்பினேன்! ஊர் திரும்பிய பின் நூல்களைப் புரட்டியபோது தெரிந்தது: அக்கோபுரம் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் சாய்ந்துதான் இருக்கிறது.

அதே வளாகத்தில்தான் புகழ்பெற்ற இரும்புத் தூண். ஏழு மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரம், ஆறு டன்னுக்கும் மேற்பட்ட எடை, குப்தர் காலத்தது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் துருப்பிடித்து அழியவில்லை. தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் வளைத்து அதைத் தழுவி, விரல்கள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் நினைத்தது நடக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. தழுவித் தழுவித் தூண் தேயத் தொடங்கியதால், 1997இல் சுற்றிலும் வேலி போட்டார்கள். இயற்கை அழிக்காததை நம்பிக்கை அழிக்கப் பார்த்தது!

வேலிக்கு இப்பால் நின்று ஒடிசா ஆசிரியர் கைகூப்பினார். எனக்கு மேடை கிடைத்துவிட்டது. “ஐயா, இதில் தெய்வீகம் ஏதுமில்லை. இது வெறும் இரும்பு. கும்பிடாதீர்கள்” என்றேன், நாலு பேர் கேட்கும்படி. அவர் சினக்கவில்லை. புன்னகையோடு கேட்டார்: “அப்படியா? நீங்கள் படித்தவராகத் தெரிகிறது. இது ஏன் துருப்பிடிக்கவில்லை என்று என் பேத்திக்குச் சொல்லுங்களேன்.”

அந்தச் சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

என்னிடம் விடை இல்லை, தோழர்களே! தெய்வீகம் இல்லை என்று தெரியும். பிறகு என்னதான் இருக்கிறது என்று தெரியாது. “அக்காலத்துக் கலவை” என்று ஏதோ முணுமுணுத்தேன். சிறுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைகூப்பியவர் அறியாதவர் என்றால், கைகூப்பாத நானும் அறியாதவன்தானே? ‘இல்லை’ என்று சொல்வது பாதி வேலை. ‘ஏன்’ என்று சொல்வது மீதி வேலை. பாதி வேலை செய்துவிட்டு முழுக்கூலி கேட்பவனை எந்த மேஸ்திரியும் சாரத்தில் ஏற்றமாட்டான்.

விடை இருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் அதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பழங்காலக் கொல்லர்கள் மரக்கரியைக் கொண்டு தாதுவிலிருந்து இரும்பைப் பிரித்தனர்; அதில் சுண்ணாம்புக்கல்லைச் சேர்க்கவில்லை. அதனால் பாஸ்பரஸ் நீங்காமல் இரும்பிலேயே மிகுதியாகத் தங்கிவிட்டது. ஈரமும் உலர்வும் மாறிமாறிப் பட்டபோது, அந்தப் பாஸ்பரசின் துணையால் இரும்பின்மேல் ஒரு மெல்லிய படலம் உருவாயிற்று. மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கே இருக்கும் அப்படலம், உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது. துருவிலிருந்து தோன்றிய போர்வையே துருவைத் தடுக்கும் கவசம்! இதைவிட வியப்பான கதையை எந்தப் புராணிகர் சொல்லமுடியும்? அன்று அந்தச் சிறுமியிடம் இதைச் சொல்ல முடிந்திருந்தால், அவள் தாத்தாவைக் கும்பிடாதீர் என்று தடுக்க வேண்டிய தேவையே எழுந்திராது. சொல்லத் தெரியாமல் போயிற்று. அந்தக் கடன் இன்னும் என் கணக்கில் நிற்கிறது.

பகலுணவு முடிந்தது. ஐம்பது நிமிடக் கடையும் முடிந்தது. தாமரை வடிவக் கோயிலை வரிசையின் நீளம் கண்டு வெளியிலிருந்தே பார்த்தோம். ராஜ்காட்டில் பத்து நிமிடம். கரும்பளிங்கு மேடையைச் சுற்றி வந்தோம். 1948ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் காந்தியாருக்கு எரியூட்டிய இடம். எவன் சுட்டான், எதற்காகச் சுட்டான் என்பதற்குப் பத்து நிமிடத்தில் இடமில்லை. வண்டி செங்கோட்டையை நோக்கிப் புறப்பட்டது.

செங்கோட்டை! ஷாஜகான் தலைநகரை ஆக்ராவிலிருந்து டில்லிக்கு மாற்ற எண்ணி எழுப்பிய அரண். 1639இல் தொடங்கி 1648இல் முடிந்தது. மயிலாசனம் இருந்த மண்டபம். 1739இல் நாதிர்ஷா அதைக் கொள்ளையிட்டுச் சென்றான். கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷாவை வெள்ளையர் விசாரித்து ரங்கூனுக்கு நாடு கடத்தியதும், 1945ஆம் ஆண்டு இந்தியத் தேசிய இராணுவத்தினர்மீது வழக்கு நடத்தியதும் இதே கோட்டையில்தான். சொல்லவேண்டிய உண்மைகள் இத்தனை இருக்க, வழிகாட்டி குரலைத் தாழ்த்தி, கண்ணை அகல விரித்து, ஒரு கதையைத் தொடங்கினார்.

“ஷாஜகான் இதற்குமுன் தாஜ்மகாலைத் தொடங்கினார் அல்லவா? அதைக் கட்டிய சிற்பிகளை என்ன செய்தார் தெரியுமா? இதுபோல் இன்னொன்று உலகில் எழக்கூடாது என்று, அத்தனை பேர் கைகளையும் வெட்டிவிட்டார்!”

கூட்டம் ‘ஐயோ’ என்றது. புதுமணப்பெண் தன் கைகளைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள். எனக்கோ உற்சாகம் பிறந்தது! ஏனென்றால் இது என் கதை. எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறேன்! ‘பாடுபட்டவனுக்கு முடியரசன் தந்த பரிசைப் பாரீர்! உழைத்த கரங்களுக்குக் கிடைத்தது வெகுமதியா? வெட்டரிவாள்!’ என்று முழங்கும்போது கொட்டகை அதிரும். கை வெட்டிய கதைக்கு எத்தனை கைதட்டல்! வழிகாட்டி இரண்டு வரியில் சொன்னதைத் தந்தையாருக்குப் பத்து வரியாக்கிச் சொன்னேன். குருதியை நானே கொஞ்சம் கூட்டிக்கொண்டேன்.

தந்தையார் கேட்டுக்கொண்டே கோட்டையின் செந்நிறக் கற்சுவரைத் தடவினார். கல்லும் கல்லும் சேருமிடத்தில் நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு திரும்பி, அமைதியாகக் கேட்டார்:

“ஏம்ப்பா, அந்த வேலை நடந்துக்கிட்டிருக்கும்போதே இந்தக் கோட்டையும் கட்டியிருக்காங்க. அங்கே கையை வெட்டிப்போட்டா, இங்கே வேலைக்கு எவன் வருவான்?”

நான் வாயடைத்து நின்றேன்.

நாற்பது ஆண்டுகள் சாரத்தில் நின்ற மனிதருக்கு ஒரு நொடியில் தோன்றிய வினா, நூறு மேடைகளில் நின்ற எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லையே! கூலி பாக்கி வைத்தால்கூட அடுத்த ஊரில் ஆள் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். வேலை தெரிந்த கையின் விலை வேலை வாங்குகிறவனுக்குத் தெரியும் என்பதும் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டல் எழும் என்பதே.

பின்தங்கியவர்களுக்காக வண்டி காத்திருந்த வேளையில், தேநீர்க் கடையில் வழிகாட்டியைத் தனியே சந்தித்தேன். “அந்தக் கைவெட்டுக் கதைக்கு ஆதாரம் உண்டா?” என்றேன். அவர் சிரித்தார்.

“இல்லை சார். நான் வரலாற்றில் எம்.ஏ. படித்தவன். அக்காலக் குறிப்பு எதிலும் அப்படி ஒரு செய்தி கிடையாது. உஸ்தாத் அகமது லாகோரி என்பவர்தான் தாஜ்மகாலையும் இந்தச் செங்கோட்டையையும் அமைத்தவர் என்று அவருடைய மகனே பாட்டில் எழுதிவைத்திருக்கிறார். கை இருந்ததால்தானே இங்கே வந்து வேலை செய்தார்?”

“தெரிந்துமா சொல்கிறீர்?”

“என்ன செய்வது சார்? ஆண்டைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். இரத்தத்தைச் சொன்னால் இனாம் தருகிறார்கள். எனக்கும் வீடு இருக்கிறது.”

அந்த இளைஞர்மீது சினம் கொள்ள வாயெடுத்தேன். சொல் வரவில்லை. அவருக்கு இனாம், எனக்குக் கைதட்டல். வேறுபாடு அவ்வளவுதான்! அவராவது பொய் என்று தெரிந்து, வயிற்றுக்காகச் சொன்னார். நானோ உண்மையா என்று ஒருமுறைகூடக் கேளாமல், பெருமைக்காகச் சொன்னேன். எவர் குற்றம் பெரிது? முடியாட்சியில் கொடுமை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருந்தது, எண்ணற்ற சான்றுகளோடு இருந்தது. மெய்யான கொடுமைகள் ஏட்டில் குவிந்திருக்கும்போது, பொய்யான கொடுமை ஒன்றைத் தூக்கிச் சுமப்பானேன்? ஒரு செங்கல் வேகாததாக இருந்தால் சுவர் முழுவதையுமே ஐயுறுவார்கள் என்பது கொத்தனார் மகனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பகைவன் சொல்லும் கதையை ஐயுறுவது எளிது. நமக்குப் பிடித்த கதையை, நம் கட்சிக்கு வலுவூட்டும் கதையை, கைதட்டல் தரும் கதையை ஐயுறுவதுதான் அரிது. பகுத்தறிவின் உரைகல் அங்கேதான் இருக்கிறது.

இறுதியாக அவரிடம் ஒன்று கேட்டேன்: “அம்பேத்கர் வாழ்ந்து மறைந்த இல்லம் இந்நகரில்தானே இருக்கிறது? ஏன் காட்டவில்லை?”

“அது எங்கள் பட்டியலில் இல்லை சார். யாரும் கேட்பதில்லை.”

யாரும் கேட்பதில்லை! மறுநாள் நாங்களே சென்றோம். செங்கோட்டையிலிருந்து சில கல் தொலைவுதான். அலிப்பூர் சாலை, எண் 26. 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தபின் அண்ணல் வாழ்ந்த இடம். 1956ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் நாள் உயிர் நீத்த இடம். விரித்த புத்தகத்தின் வடிவில் அங்கே எழுப்பிய நினைவகம் 2018இல் திறக்கப்பட்டது. இருபது நிமிடம் என்று முழங்க அங்கே எவரும் இல்லை. இரண்டு மணி நேரம் இருந்தோம். உள்ளே நுழையுமுன் தந்தையார் வாயிலில் தயங்கி நின்றார். “போகலாமா?” என்றார். “போகலாம் அப்பா, இங்கே யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்” என்றேன். ‘அங்கேயே நில்லு’ என்ற குரலை ஐம்பதாண்டுகளாகச் சுமந்த கால்கள் அவை. நுழைந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். “மட்டம் சரியா இருக்கு” என்றார். அவர் வழங்கக்கூடிய உயர்ந்த பாராட்டு அது.

ஊர் திரும்பியபின் ஒருநாள் அவரிடம் ஒரு செய்தியைப் படித்துக் காட்டினேன். குதுப் மினாரின் உச்சியை 1369இல் பழுதுபார்த்தபோது, அந்தப் பணியைச் செய்த கைவினைஞர்கள் தம் பெயர்களை நாகரி எழுத்தில் அக்கல்லிலேயே பொறித்துவைத்திருக்கிறார்கள். மன்னர்களின் புகழுரைகளுக்கு நடுவே, கட்டியவர்களின் பெயரும் இருக்கிறது! நாங்கள் இருபது நிமிடம் அதனடியில் நின்றோம், எவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

“பேரு போட்டிருக்காங்களா?” என்று இருமுறை கேட்டார். முகம் மலர்ந்தது. பிறகு, “நம்ம ஊரு பள்ளிக்கூடத்துத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால, பூச்சு காயறதுக்குள்ள நானும் ஆணியால எழுதி வெச்சேன். ஒருத்தரும் பார்க்கமாட்டாங்கன்னு” என்றார்.

நான் அந்தப் பள்ளியில் எட்டு ஆண்டுகள் படித்தவன். அந்தத் தொட்டியில் தண்ணீர் குடித்தவன். பின்னால் சென்று பார்த்ததில்லை.

தோழர்களே! ஒரு நாள் உலாப் பேருந்தில் ஏறாதீர் என்று நான் சொல்லமாட்டேன். ஏறுங்கள், அந்த இளைஞர்களுக்கும் வீடு இருக்கிறது. ஆனால் காட்டுவதைப் பார்த்தபின், காட்டாததையும் கேளுங்கள். சொன்னதைக் கேட்டபின், சான்றையும் கேளுங்கள். நம்மில் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்கு வழிகாட்டிதான். மேடையில், வகுப்பில், வீட்டில். நாம் எதை விட்டுவிடுகிறோம், எதைக் கூட்டிச் சொல்கிறோம் என்று நம்மையும் அளந்து பார்ப்போம்.

நான் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மேடையேறுமுன், பேசப்போகும் கதையைத் தந்தையாரிடம் ஒருமுறை சொல்லிக் காட்டுகிறேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். அண்மையில்கூட, “தம்பி, கொஞ்சம் சாஞ்சிருக்கு” என்றார். பேச்சைத் திருத்திக்கொண்டு புறப்பட்டேன்.